போத்துக்கன்றுக்கு என்ன கோளாறு? அறிகுறி பார்த்துக் காரணம் தேடும் முறை

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேன்பதி பக்கம், தென்னைக்கு நடுவில் இரண்டு மூன்று போத்துக்கன்று கட்டியிருக்கும் தோட்டங்கள் நிறைய உண்டு. பொள்ளாச்சிச் சந்தையிலோ வாணியங்குளத்திலோ 80, 100 கிலோவில் எருமைக் கிடாக்கன்றாக வாங்கி, ஓராண்டு அல்லது கூடக்கொஞ்சம் வளர்த்து, 300 கிலோவைத் தொட்டதும் இறைச்சிக்குக் கொடுத்துவிடுவது வழக்கம். கறவை மாடு என்றால் பால் குறைந்த அன்றே சந்தேகம் வந்துவிடும். போத்துக்கு அந்த அடையாளம் இல்லை. தினமும் தீவனத்தைக் கொட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறவருக்கு, கன்று படுத்த பிறகுதான் நோய் தெரியும்.

எங்கள் கொட்டகையிலும் அக்கம்பக்கத்திலும் திரும்பத் திரும்ப வரும் கோளாறுகளை அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணத்தை முதலில் சொல்லி, செலவு பிடிக்கும் காரணத்துக்குப் பிறகு போகிறேன்.

எந்த அறிகுறியானாலும் முதலில் பார்க்க வேண்டியவை

மருந்துக்கடைக்கு ஓடுவதற்கு முன் கன்றின் பின்பக்கம் போய் நில்லுங்கள். சாணம் போட்டிருக்கிறதா, எப்படி இருக்கிறது? தரை நனைந்திருக்கிறதா? நனைந்திருந்தால் அது சிறுநீரா, தொட்டித் தண்ணீரா? பிறகு முன்பக்கம் வந்து, அசைபோடுகிறதா என்று பாருங்கள். இடப்பக்கம், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் முஷ்டியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். நல்ல கன்றுக்கு இரண்டு நிமிடத்தில் இரண்டு மூன்று முறையாவது வயிறு உருண்டு வந்து கையைத் தள்ளும்.

கடைசியாக வெப்பமானி. நூல் கட்டிய சாதாரண வெப்பமானியை ஆசனவாயில் வைத்து இரண்டு நிமிடம் பிடித்தால் போதும். 101, 102 டிகிரி ஃபாரன்ஹீட் இயல்பு. நிழலில் நிற்கும் கன்றுக்கு 104 காட்டினால் அது காய்ச்சல்தான். மருத்துவர் தொலைபேசியில் கேட்கும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். "உடம்பு கொதிக்கிறது சார்" என்ற பதிலை வைத்து அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

வாங்கி வந்த கன்று தின்னவில்லை

முதல் இரண்டு நாள் இதற்குக் கவலைப்பட வேண்டாம். ஆந்திரத்திலிருந்தோ அதற்கும் வடக்கிலிருந்தோ லாரியில் நின்றபடியே வந்த கன்று அது. தாகம், அலுப்பு, பழகாத தண்ணீர் மூன்றும் சேர்ந்திருக்கும். ஒரு வாளித் தண்ணீரில் ஒரு கைப்பிடி வெல்லமும் ஒரு சிட்டிகை உப்பும் கரைத்து வையுங்கள். நல்ல வைக்கோலும் கொஞ்சம் பசும்புல்லும் மட்டும் போடுங்கள். புண்ணாக்கும் தவிடும் முதல் வாரம் வேண்டாம். வந்த அன்றே உடம்பு ஏற்றும் ஆசையில் கலப்புத் தீவனம் கொட்டுகிறவர்களுக்குத்தான் மூன்றாம் நாள் கழிச்சல் வருகிறது.

வெப்பமானி 103க்குக் கீழே காட்டினால் காத்திருக்கலாம். அதற்கு மேல் போனாலோ, மூக்கில் சளி கெட்டியாக வந்தாலோ, வாயைத் திறந்து பார்க்கையில் நாக்கிலும் ஈறிலும் கொப்புளம் தெரிந்தாலோ அன்றே கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். கொப்புளம் கோமாரியாக இருக்கலாம். அதனால்தான் புதுக்கன்றைப் பழைய கன்றுகளோடு ஒரே தொட்டியில் கட்டக் கூடாது. மூன்று வாரம் தனியாக நிற்கட்டும். காதில் மஞ்சள் வில்லை இருந்தால் அதன் 12 இலக்க எண்ணை மருத்துவமனையில் காட்டி, கோமாரித் தடுப்பூசி ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். தரகர் "எல்லாம் போட்டாயிற்று" என்பார். அவர் சொல்வது தடுப்பூசிக் கணக்கு ஆகாது.

தின்கிறது, ஆனால் உடம்பு ஏறவில்லை

முதலில் ஏறவில்லை என்பது உண்மையா என்று பாருங்கள். தினமும் பார்க்கும் கண்ணுக்கு வளர்ச்சி தெரியாது. தையல் நாடா ஒன்று போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவை அங்குலத்தில் எடுங்கள். தோள்முனையிலிருந்து பிட்டத்து எலும்பு வரை நீளம் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660 ஆல் வகுத்தால் கிலோ வரும். சுற்றளவு 60, நீளம் 50 என்றால் ஏறத்தாழ 273 கிலோ. துல்லியமான எடை அல்ல, ஆனால் ஒவ்வொரு மாதமும் அதே ஆள் அதே நாடாவால் அளந்தால் ஏற்றம் இறக்கம் தெளிவாகத் தெரியும். சராசரித் தீவனத்தில் நாளுக்கு அரைக் கிலோ ஏறினால் குறைசொல்ல ஒன்றுமில்லை.

மாதம் 5 கிலோகூட ஏறவில்லை என்றால் காரணம் இந்த வரிசையில் இருக்கும்.

*தீவனம் போதவில்லை.* வைக்கோல் மட்டும் தின்று வயிறு நிறையும், உடம்பு ஏறாது. 100 கிலோ கன்றுக்கு நாளுக்கு ஒன்று முதல் ஒன்றரைக் கிலோ கலப்புத் தீவனமும், கோ-5 போன்ற பசும்புல் 8, 10 கிலோவும், 30 கிராம் தாது உப்பும் கொடுத்து ஒரு மாதம் பார்த்துவிட்டுப் பிறகு வேறு காரணம் தேடுங்கள். இரண்டு கன்று ஒரே தொட்டியில் தின்றால் வலியது தள்ளிவிட்டுத் தின்னும். தனித்தனித் தொட்டி வைத்த அளவிலேயே தேறிய கன்றுகள் உண்டு.

*குடற்புழு.* வயிறு பானையாக, முதுகெலும்பு கத்தியாக, முடி செம்பட்டையாகச் சிலிர்த்து நின்றால் பெரும்பாலும் இதுதான். சந்தைக் கன்றை வாங்கியதும் ஒரு முறை, மூன்று வாரம் கழித்து ஒரு முறை புழுநீக்கம் செய்வது இந்த வட்டாரத்தில் பலரும் செய்யும் வழி. எடைக்கு ஏற்ற அளவு முக்கியம். கண்மதிப்பில் பாதி அளவு கொடுத்தால் புழு சாவதில்லை, மருந்துக்குப் பழகிவிடுகிறது.

*தட்டைப்புழு.* குளத்திலும் நெல்வயலிலும் இறங்கி மேயும் கன்றுக்கு நத்தை வழியாக ஈரலில் ஏறுவது இது. சாதாரண உருண்டைப்புழு மருந்து இதற்குப் போதாது. ஆக்சிகுளோசனைடு வளர்ந்த தட்டைப்புழுவைக் கொல்லும், டிரைக்ளாபெண்டசோல் இளம்புழுவையும் கொல்லும். எது வேண்டும் என்பதைச் சாணம் சொல்லும். நெல்லிக்காய் அளவு புதுச் சாணத்தை ஒரு சிறு டப்பாவில் எடுத்துக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். நுண்ணோக்கியில் முட்டையைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். கடைக்காரரிடம் ஒவ்வொரு மருந்தாக வாங்கிச் சோதிப்பதைவிட இது மலிவு.

இவ்வளவும் செய்து இரண்டு மாதத்திலும் எடை அசையவில்லை என்றால் மருத்துவரை நேரில் அழையுங்கள். நாள்பட்ட நுரையீரல் நோயோ, வயிற்றில் பிளாஸ்டிக்கோ இருக்கலாம். அந்தக் கன்றுக்குத் தீவனம் கொட்டுவது நட்டம்.

தாடைக்கடியில் வீக்கம்

ஒரே இடத்தில் வரும் இரண்டு வீக்கங்கள். ஒன்றுக்கு ஒரு வாரம் அவகாசம் உண்டு, இன்னொன்றுக்கு ஒரு நாள்கூட இல்லை. கையை வைத்துப் பாருங்கள்.

*குளிர்ந்திருக்கிறது, வலியில்லை, அழுத்தினால் குழி விழுகிறது.* கன்று தின்றுகொண்டுதான் இருக்கும். காலையில் குறைந்து மாலையில் கூடும். தட்டைப்புழுவோ குடற்புழுவோ இரத்தத்தை உறிஞ்சியதால் இறங்கிய நீர் இது. கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். வெளிறி இருந்தால் உறுதி. வீக்கத்தைக் குத்திவிடாதீர்கள், மஞ்சளும் சுண்ணாம்பும் பற்றுப்போட்டுப் பயனில்லை. மேலே சொன்ன சாணப் பரிசோதனையும் மருந்தும்தான் வழி.

*சூடாக இருக்கிறது, தொட்டால் வலியில் விலகுகிறது, மூச்சில் கர்கர் சத்தம்.* வெப்பமானி 105, 106 காட்டும். எச்சில் ஒழுகும், நாக்குத் தள்ளும். இது தொண்டை அடைப்பான். மாட்டைவிட எருமையைத்தான் இது கடுமையாகத் தாக்கும். மழை தொடங்கும் நாள்களில் அதிகம் வரும். அறிகுறி தெரிந்து ஒரு நாளுக்குள் சாகும். முதல் சில மணி நேரத்தில் ஊசி ஏறினால்தான் பிழைக்கும். இரவு என்றாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். 1962 என்ற எண்ணுக்கு அடித்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியைப் பற்றிச் சொல்வார்கள், உங்கள் பஞ்சாயத்து மருத்துவரையும் எழுப்புங்கள். மற்ற கன்றுகளை அந்தத் தொட்டியிலிருந்து உடனே விலக்குங்கள். மழைக்கு முன் மே மாதத்திலேயே ஆண்டுத் தடுப்பூசி போட்டுவிட்டால் இந்தப் பத்தியைப் படிக்க வேண்டியதே இல்லை.

இடது வயிறு உப்பியிருக்கிறது

பள்ளம் இருக்க வேண்டிய இடம் மேடாக இருந்தால் முஷ்டியால் அழுத்தி, விரலால் தட்டிப் பாருங்கள்.

*தட்டினால் மேளச் சத்தம் வருகிறது.* காற்று. முதலில் வாயையும் கழுத்தையும் பாருங்கள். மாங்கொட்டை, பனம்பழம், கிழங்குத் துண்டு ஏதாவது தொண்டையில் சிக்கியிருந்தால் கழுத்தின் இடப்பக்கம் கைக்குத் தட்டுப்படும், எச்சில் நூலாக ஒழுகும். அதைக் குச்சியால் உள்ளே தள்ளினால் உணவுக்குழல் கிழியும். மருத்துவரை அழையுங்கள், எதையும் புகட்டாதீர்கள்.

தொண்டையில் ஒன்றும் இல்லை, பனியோடு இளம்பயறுச் செடியையோ நனைந்த புல்லையோ மேய்ந்தது என்றால், முன்னங்கால் மேட்டில் நிற்கும்படி கட்டுங்கள். ஒரு சாண் வேப்பங்குச்சியைக் கடிவாளமாக வாயில் குறுக்கே கட்டினால் மென்றுகொண்டே இருக்கும், எச்சில் ஊறும், ஏப்பம் வரும். 100 கிலோ கன்றுக்குக் கடலை எண்ணெய் அல்லது நல்லெண்ணெய் 100 மில்லி, பெரியதற்கு 250 மில்லி, மெதுவாகப் புகட்டலாம். மெதுவாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். தலையை முதுகுக்கு மேல் தூக்கி நாக்கை இழுத்துப் பிடித்துக் கொட்டினால் எண்ணெய் நுரையீரலுக்குப் போகும். உப்புசத்தில் பிழைத்த கன்று நான்காம் நாள் நிமோனியாவில் சாவது இப்படித்தான். தலை கிடைமட்டத்தில் இருக்கட்டும், கன்னத்தின் ஓரமாக ஊற்றுங்கள், இருமினால் உடனே தலையை விடுங்கள்.

அரை மணி நேரத்தில் ஏப்பம் வரவில்லை, மூச்சு வாங்குகிறது, படுத்துப் படுத்து எழுகிறது என்றால் மருத்துவர் வந்து குழாய் விட வேண்டும், இல்லையென்றால் பக்கவாட்டில் துளையிட வேண்டும். கத்தியால் நீங்களே குத்தும் வேலை வேண்டாம். ஊரில் அப்படிக் குத்திப் பிழைத்த கதைதான் பேசப்படும், சீழ் பிடித்துச் செத்தவை பேசப்படுவதில்லை.

*அழுத்தினால் விரல் குழி அப்படியே நிற்கிறது.* வைக்கோல் கட்டிக்கொண்டது. தண்ணீர்க் குறைவும் முற்றிய வைக்கோலும் காரணம். தண்ணீர், நடை, பசும்புல். ஒரு நாளில் சாணம் இறங்கவில்லை என்றால் மருத்துவர்.

*அழுத்தினால் தண்ணீர் தளும்பும் சத்தம்.* கேரளப் பக்கத்தில் இதைத்தான் அதிகம் பார்க்கிறேன். கல்யாண வீட்டுச் சோறு, ஹோட்டல் பரோட்டா, பலாச்சுளை, கஞ்சி எல்லாம் "போத்து எதையும் தின்னும்" என்ற நம்பிக்கையில் தொட்டிக்கு வருகின்றன. மாவுப்பொருள் ஒரேயடியாக வயிற்றில் இறங்கினால் புளித்து அமிலமாகிவிடும். கன்று அசைபோடாது, பல்லைக் கடிக்கும், சாணம் சாம்பல் நிறத்தில் நுரையோடு புளித்த நாற்றமடிக்கும், நடை தள்ளாடும். 2024 ஜூனில் கொல்லம் மாவட்டத்தில் ஒரு பண்ணையில் பரோட்டாவும் பலாவும் மிகுதியாகத் தின்ற மாடுகள் இறந்தது செய்தித்தாள்களில் வந்தது. அதற்குப் பிறகும் பரோட்டா வாளி நிற்கவில்லை.

தின்று சில மணி நேரத்துக்குள் தெரிந்தால், 100 கிலோவுக்கு 50 கிராம் சமையல் சோடாவை அரை லிட்டர் நீரில் கரைத்துப் புகட்டி, மற்றத் தீவனத்தை நிறுத்தி வைக்கோல் மட்டும் போடுங்கள். வயிறு மேளமாக இருந்தால் சோடா கொடுக்காதீர்கள், காற்று இன்னும் கூடும். கன்று படுத்துவிட்டால், கண் குழிவிழுந்தால், அடுத்த கட்டம் குளுக்கோஸ் பாட்டிலும் சோடா ஊசியும். அது வீட்டு வைத்தியம் அல்ல.

*வாரம் தவறாமல் உப்புகிறது, தானாக வடிகிறது.* பிளாஸ்டிக் பை, கயிறு, கம்பி. அறுவை செய்ய வேண்டி வரும். கன்றின் விலையையும் அறுவைச் செலவையும் மருத்துவரோடு உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள்.

இலை தின்ற சற்று நேரத்தில் நடுக்கம், மூச்சிரைப்பு

மரவள்ளி இலை, ரப்பர் இலை, வறட்சியில் வாடி நிற்கும் இளஞ்சோளம், அறுத்த கட்டையில் துளிர்த்த சோளம். இந்த நான்கில் ஏதாவது ஒன்று தின்றிருந்தால் இது சயனைடு நஞ்சு. வாய்க்குள் பார்த்தால் ஈறு பளிச்சென்று இரத்தச் சிவப்பாக இருக்கும். நிமிடக் கணக்கில் போகும் விஷயம். சோடியம் தயோசல்பேட் ஊசிதான் மருந்து, மருத்துவர்தான் இரத்தக் குழாயில் போட வேண்டும். தொலைபேசியில் "மரவள்ளி தின்றது" என்ற சொல்லை முதலில் சொல்லுங்கள், மருந்தோடு வருவார். சோளம் பூத்த பிறகு அறுத்துப் போட்டால் இந்தப் பயம் இல்லை.

சிறுநீர் சொட்டுகிறது, அல்லது நின்றுவிட்டது

ஆண் கன்று வளர்ப்பவருக்கு மட்டும் வரும் தலைவலி இது. பெண் கன்றுக்குச் சிறுநீர்க்குழாய் அகலம், கல் வெளியே போய்விடும். ஆண் கன்றின் குழாய் நீளமானது, குறுகலானது, நடுவில் வளைந்து திரும்புவது. வளைவில் ஒரு கல் சிக்கினால் முடிந்தது. இளம் வயதிலேயே காயடித்த கன்றுக்குக் குழாய் இன்னும் குறுகலாகவே நின்றுவிடும். காயடிக்கத்தான் வேண்டும் என்றால் ஆறு மாதம் கடந்த பிறகு செய்வது நல்லது.

அறிகுறி படிப்படியாக வரும், ஒவ்வொரு படியிலும் செய்ய வேண்டியது வேறு.

*முதல் படி.* வால் உயர்ந்தே நிற்கிறது. முக்குகிறது, ஆனால் சாணமும் இல்லை, சிறுநீர் சொட்டாக வருகிறது. பலர் இதை மலச்சிக்கல் என்று எண்ணி எண்ணெய் புகட்டிவிட்டு ஒரு நாளை வீணாக்குகிறார்கள். குனிந்து ஆண்குறி உறையின் நுனி முடியைப் பாருங்கள். விரலால் தடவினால் மணல் நெறுநெறுக்கும், வெள்ளைப் பொடி ஒட்டும். முடி காய்ந்தே இருந்தால் காலையிலிருந்து சிறுநீர் போகவில்லை. அப்போதே மருத்துவரை அழையுங்கள். இந்தப் படியில் சில நேரம் ஊசியே போதுமானதாக இருக்கும்.

*இரண்டாம் படி.* பின்னங்காலால் வயிற்றை உதைக்கிறது. படுக்கிறது, எழுகிறது. தீவனத்தை மோந்து பார்த்துத் திரும்புகிறது. இனி அறுவைதான். வயிற்றின் வழியாகச் சிறுநீர்ப்பையில் குழாய் வைத்துச் சிறுநீரை வடிப்பார்கள். உள்ளூரில் வசதி இல்லை என்றால் மண்ணுத்தியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவார்கள். வண்டி வாடகையோடு சேர்த்து யோசியுங்கள். கன்று 250 கிலோவைத் தாண்டியிருந்தால், பை கிழியாத நிலையில் விற்றுவிடலாமா என்று மருத்துவரிடமே நேராகக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

*மூன்றாம் படி.* கன்று திடீரென அமைதியாகிவிடுகிறது. முக்கல் நிற்கிறது, உதைப்பதில்லை. வீட்டில் எல்லோரும் தேறிவிட்டது என்பார்கள். தேறவில்லை, சிறுநீர்ப்பை கிழிந்து வயிற்றுக்குள் கொட்டியிருக்கிறது. அடுத்த இரண்டு நாளில் வயிறு இரு பக்கமும் கீழ்நோக்கிப் பெருக்கும், மூச்சில் மூத்திர வாடை வரும். சில கன்றுகளுக்குப் பைக்குப் பதில் குழாய் கிழிந்து, அடிவயிற்றுத் தோலுக்குள் நீர் பரவும். இறைச்சியிலும் அந்த வாடை ஏறிவிடும், யாரும் வாங்க மாட்டார்கள். "இன்று நன்றாக இருக்கிறது அண்ணா, நீங்கள் வர வேண்டாம்" என்று போன் வந்தால் நான் கேட்கும் ஒரே கேள்வி, சிறுநீர் போனதைக் கண்ணால் பார்த்தீர்களா என்பதுதான்.

காரணம் பெரும்பாலும் தொட்டியில் இருக்கும். தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச் சத்து குறைவு. நெல் அரவை மில் பக்கத்தில் இருக்கிறது, தவிடு மலிவு என்று கலப்புத் தீவனத்தில் பாதிக்கு மேல் தவிடு போடும் இடங்களில்தான் கல் அதிகம். தவிட்டை மூன்றில் ஒரு பங்குக்குள் நிறுத்துங்கள். சுண்ணாம்புச் சத்து கூடிய தாது உப்பு போடுங்கள். தினமும் 30 கிராம் கல் உப்பு கொடுத்தால் தாகம் எடுத்துத் தண்ணீர் குடிக்கும். மார்கழி, தை மாதங்களில் குளிர்ந்த தண்ணீரைக் கன்று தொடுவதில்லை, கல் அடைப்பும் அப்போது கூடுகிறது. விடியற்காலைத் தண்ணீரைத் தொட்டியில் வைத்துவிட்டுப் போகாமல், வெயில் ஏறிய பிறகு இன்னொரு முறை காட்டுங்கள். ஒரு முறை கல் வந்த கொட்டகையில் மற்றக் கன்றுகளுக்கு அம்மோனியம் குளோரைடு கொடுக்கலாமா, எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிறுநீர் காப்பி நிறத்தில் வருகிறது

காய்ச்சலும் உண்டு, உடம்பில் உண்ணியும் உண்டு என்றால் உண்ணிக் காய்ச்சல். ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பார்த்தால் தெரிந்துவிடும். அன்றே மருத்துவர். தள்ளிப்போட்டால் ஈறு வெளுத்துவிடும், அதன் பிறகு தேற்றுவது கடினம்.

கழிச்சல்

தீவனம் மாற்றியதால் வந்த கழிச்சல் கலப்புத் தீவனத்தை இரண்டு நாள் நிறுத்தினாலே கட்டுப்படும். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரையும் கரைத்து அடிக்கடி கொடுங்கள். சாணத்தில் இரத்தமும் சளியும் சேர்ந்து, கன்று முக்கி முக்கிப் போனால் இரத்தக் கழிச்சல் நுண்ணுயிரியாக இருக்கலாம், அதற்குப் புழுமருந்து பயன்படாது. நாற்றமடிக்கும் நீர்க்கழிச்சல் நாள்கணக்கில் நின்றால் வயிற்றுத் தட்டைப்புழு. கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு மூன்று நொடிக்கு மேல் நிற்கிறது, கண் உள்ளே போய்விட்டது என்றால் வாய்வழி நீர் போதாது, பாட்டில் ஏற்ற வேண்டும்.

நொண்டுகிறது

ஒரு கால் மட்டும் என்றால் குளம்பைக் கழுவி நடுப்பிளவைப் பாருங்கள். கல், முள், தென்னை ஈர்க்கு, ஆணி. எடுத்துவிட்டு வெளிர் ஊதா நிறத்தில் கரைத்த பொட்டாசியம் பெர்மாங்கனேட் நீரில் கழுவினால் போதும். சேற்றிலேயே நிற்கும் கன்றுக்குப் பிளவில் அழுகல் வரும். தரையை முதலில் உலர்த்துங்கள்.

பல கால்கள், வாயில் நுரை, காய்ச்சல் என்றால் கோமாரி. பஞ்சாயத்து மருத்துவமனைக்குச் சொல்லியே ஆக வேண்டும். கன்றைச் சந்தைக்கு ஓட்டாதீர்கள்.

காய்ச்சல் இல்லை, கால் வீங்கிக் குளம்புக்கு மேல் தோல் வெடிக்கிறது, வால் நுனி காய்ந்து கறுத்துச் சில்லிட்டிருக்கிறது, காது ஓரம் உலர்ந்து சுருள்கிறது என்றால் வைக்கோல் போரைப் போய்ப் பாருங்கள். மழையில் நனைந்து கறுத்த வைக்கோலில் வளரும் பூசணத்தின் நஞ்சு எருமையின் முனை உறுப்புகளுக்கு இரத்த ஓட்டத்தை அடைத்துவிடும். ஒரு கட்டைப் பிரித்து நடுவில் மோந்து பாருங்கள். மக்கிய வாடை, வெள்ளை அல்லது கறுப்புத் தூள் இருந்தால் அந்தப் போரை உரக்குழிக்குத் தள்ளுங்கள், நல்ல கட்டு கெட்ட கட்டு என்று பிரிக்க உட்காராதீர்கள். தொடக்கத்தில் வைக்கோலை நிறுத்தி மருத்துவர் தரும் தாதுக் கலவையைக் கொடுத்தால் மீளும். குளம்பு கழன்ற பிறகு மீளாது.

வெயிலில் நாக்கைத் தள்ளி மூச்சிரைக்கிறது

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மாசி, பங்குனியில் சுடும். கறுப்புத் தோல், குறைந்த வியர்வைச் சுரப்பி, எருமை தாங்காது. 106 டிகிரிகூடக் காட்டும், ஆனால் அது நோய்க் காய்ச்சல் அல்ல. நிழலுக்கு நகர்த்தித் தலையிலிருந்து தண்ணீர் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் அளவெடுங்கள். 103க்கு இறங்கினால் வெயில்தான். இறங்கவில்லை, தள்ளாடுகிறது என்றால் மருத்துவர். தகரக் கூரைக்கு மேல் தென்னை ஓலை போடுவது இரண்டு மணி நேர வேலை. குளம் இல்லாத தோட்டத்தில் பகல் 11 முதல் 4 வரை மூன்று முறை நனைத்துவிடுங்கள்.

மண், சுவர், கயிறு தின்கிறது

உப்பும் பாஸ்பரஸும் குறைவு, அல்லது புழு. தாது உப்பும் புழுநீக்கமும். அதுவரை கொட்டகையில் பிளாஸ்டிக் கயிறு இருக்கவே கூடாது.

சொறி, பேன், புழுப்புண்

பேனுக்கும் சொறிக்கும் ஊசி உண்டு, முடியைக் கத்தரித்துவிட்டு வேப்பெண்ணெய் தடவினாலும் பேன் குறையும். புண்ணில் புழு வைத்தால் டர்பன்டைன் பஞ்சு வைத்து, வெளியே வரும் புழுவை இடுக்கியால் எடுத்து எரியுங்கள். தோலெங்கும் எலுமிச்சை அளவில் கட்டிகள், காய்ச்சல் என்றால் தோல் கழலை நோய். தனியே கட்டி மருத்துவரிடம் சொல்லுங்கள்.

காலையில் இறந்துகிடக்கிறது

நேற்றுவரை தின்ற கன்று. மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத கறுத்த இரத்தம், உடம்பு விறைக்காமல் உப்பிக்கொண்டே போகிறது என்றால் அடைப்பான் நோய் (ஆந்த்ராக்ஸ்) என்றே எண்ணுங்கள். அறுக்காதீர்கள், தோலுரிக்காதீர்கள், கறியைப் பங்கு போடாதீர்கள். இது மனிதருக்கும் வரும், வெட்டினால் கிருமி மண்ணில் பல ஆண்டு தங்கும். நாயையும் காக்கையையும் அண்டவிடாமல் மூடிவைத்துவிட்டு மருத்துவரை அழையுங்கள். அவர் காதிலிருந்து இரத்தம் எடுப்பார். ஆழக் குழி, சுட்ட சுண்ணாம்பு, நீர்நிலையிலிருந்து தள்ளியிருக்கும் இடம்.

இரத்தம் இல்லாத திடீர்ச் சாவில் பாம்பு, மின்கம்பி, சயனைடு மூன்றையும் நினையுங்கள். காப்பீடு இருந்தால் மருத்துவரின் பரிசோதனைக்கு முன் புதைக்காதீர்கள், காது வில்லையைக் கழற்றாதீர்கள்.

விற்க நினைத்த மாதத்தில் நோய் வந்தால்

மருந்து கொடுத்த கன்றின் கறியில் மருந்து சில நாள் தங்கும். ஐவர்மெக்டின் ஊசிக்கு 35 நாள், நீண்டநேரம் வேலைசெய்யும் ஆக்சிடெட்ராசைக்ளினுக்கு 28 நாள் என்று மருந்து உறைகளில் போட்டிருப்பார்கள். உறையைக் கிழித்தெறியாமல் தேதியோடு கொட்டகைத் தூணில் குத்திவையுங்கள், வாங்க வருபவரிடம் அதைக் காட்டுங்கள். வலிக்கு டைக்ளோஃபெனாக் கேட்காதீர்கள். கால்நடைக்கு அது 2006லேயே தடைசெய்யப்பட்டது, பிணந்தின்னிக் கழுகுகளைக் கொன்ற மருந்து அது. மெலாக்சிகாம் இருக்கிறது.

ஓணத்துக்கோ பெருநாளுக்கோ கொடுக்க நினைத்திருந்தால், அந்த நாளிலிருந்து 40 நாள் பின்னோக்கி எண்ணி, கடைசிப் புழுநீக்கத்தை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.